றெயின்கோட் போட்டும் ஏன் நனைகிறோம்? காற்சட்டைக்குள் தண்ணி ஊற்றிப் பார்த்தோம்!

(விறாந்தைக் கொடியில் மூன்று மழைக் காற்சட்டைகள். கீழே தரையில் பழைய பேப்பர் விரித்திருக்கிறது.)

வணக்கம். பின்னால் தொங்குகிற இந்த மூன்று காற்சட்டைக்குள்ளும் இன்றைக்கு இரண்டிரண்டு செம்பு தண்ணீர் ஊற்றப் போகிறேன். முதலாவது, சந்தையடியில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் சாமான். இரண்டாவது, அதைப் போல நாலு வாங்கக்கூடிய விலைக்கு, "தம்பி, இதைப் போட்டுக்கொண்டு கடலுக்குள்ள இறங்கினாலும் நனையாது" என்று ஒரு கடைக்காரர் சத்தியம் பண்ணித் தந்தது. மூன்றாவது அக்காவுடையது, மூன்று மாரி கண்டது. எது ஒழுகும், எது ஒழுகாது என்று இப்போதே கொமெண்டில் எழுதிவிடுங்கள். பார்த்து முடித்துவிட்டு எழுதினால் அது அளாப்பி விளையாட்டு.

கீழே கிடப்பது போன கிழமைப் பேப்பரின் ராசிபலன் பக்கம். வேண்டுமென்று எடுக்கவில்லை, கைக்கு அகப்பட்டது அதுதான்.

தண்ணி ஊற்ற முதல் கொஞ்சம் ஊர்க் கதை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மழை என்றால் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவருகிற மாரிதான். வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் றெயின்கோட் என்ற ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வராது. அதனால் முதல் மழையில் தெப்பமாக நனைந்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறோம். நிறம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், தையலைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வருகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

வரலாறு ஒரே மூச்சில்: 1823 இல் ஸ்கொட்லாந்துக்காரர் சார்ள்ஸ் மக்கின்ரொஷ், ரப்பரை நப்தா என்ற திரவத்தில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, காப்புரிமை எடுத்தார். துணி தண்ணீர் விடவில்லை. ஆனால் தையற்காரர் அதைக் கோட்டாகத் தைத்ததும் ஊசி ஓட்டைகளால் ஒழுகியது. இருநூறு வருடம் கழித்து, கோண்டாவிலில் இருந்து பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நான் நனைவதும் அதே ஓட்டையால்தான்.

(செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். விலை கூடிய கோட்டுகளில் 5,000, 10,000 என்று ஒரு எண் போட்டிருக்கும். அதைக் கண்டு விலை என்று நினைத்தவர்களும் உண்டு. ஆள் யார் என்று கேட்க வேண்டாம். அது தண்ணீர் அழுத்தத்தின் கணக்கு, மில்லிமீற்றரில். ஒரு துண்டுத் துணியை இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தால் தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கத்தில் முதல் துளி எட்டிப் பார்க்கும், இரண்டாவது வரும். மூன்றாவது இடத்திலும் துளி வந்த உடனே நிறுத்தி, அந்த நேரம் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். 10,000 என்றால் 10 மீற்றர் உயரத் தண்ணீர். எங்கள் வீட்டுக் கிணறு அவ்வளவு ஆழம் இல்லை. அந்தத் துணியைக் கிணற்றின் அடியில் விரித்து, கட்டு வரைக்கும் தண்ணீர் நிறைத்தாலும் துணி தாங்கும் என்று அர்த்தம். கேட்கவே எவ்வளவு பெருமையாக இருக்கிறது!

சரி, சீற்றில் குந்துகிற எங்களுக்கு எவ்வளவு வேண்டும்? 70 கிலோ ஆள், சீற்றில் படுகிற பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால், வருகிற அழுத்தம் 700 மில்லிமீற்றர் தண்ணீருக்குச் சமம். மடிப்பிலும் முழங்காலிலும் இதைவிடக் கூடும். அப்படிப் பார்த்தாலும் 5,000 துணி தாராளம். அப்படியென்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது?

தையலை எண்ணுங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால், 30 அங்குலத் தையலுக்கு 240 ஓட்டை. கிணற்றைத் தாங்குகிற துணியில் நாங்களே ஊசியால் 240 வாசல் திறந்து வைத்திருக்கிறோம். அதை அடைப்பதற்குத்தான் உட்பக்கம் தையல் மேலே இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில், செலோரேப் ஒட்டியது போல ஒரு பட்டி சூடாக்கி ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டி இல்லாவிட்டால் 10,000 என்ற எண் வெறும் அலங்காரம்.

(ஊற்றுகிறார்)

காற்சட்டையின் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, கால் இரண்டையும் மேலே தூக்கி, இடுப்போடு சேர்த்துக் கொடியில் கிளிப் போட்டிருக்கிறேன். கவட்டுப் பகுதி பை மாதிரித் தொங்குகிறது. அக்காவுடையது முதலில். ஊற்றி முடியவில்லை, வடிதட்டு மாதிரி இறங்கிவிட்டது. உட்பூச்சைப் பாருங்கள், வெயிலில் கறுத்த முதுகு தோலுரிந்தது போலப் பட்டை பட்டையாகக் கழருகிறது. ஈரத்தோடு மடித்து ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே அடைத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். கழன்ற பூச்சைத் திரும்ப ஒட்ட வழியில்லை. இதை இனித் தோட்டத்தில் கத்தரிக் கன்றுக்கு நிழல் கட்டத்தான் ஆகும்.

அடுத்தது கடல் சத்தியம். ஒரு நிமிடம்... ஒன்றும் இல்லை. இரண்டு... இல்லை. நாலாவது நிமிடம், இதோ. கவட்டில் முன் தையலும் பின் தையலும் இரண்டு கால் தையலும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன, அந்த நாற்சந்தியில் ஒரு துளி. பட்டிக்கு மேல் பட்டி ஏறுகிற இடத்தில் சரியாக ஒட்டாமல் ஒரு சுருக்கம் நிற்கிறது. துணியில் குறை இல்லை, மற்றத் தையல்களிலும் குறை இல்லை. அந்த ஒரு சுருக்கம்தான் அலுவலகத்தில் என்னை மூன்று நாள் வெட்கப்பட வைத்தது. றெயின்கோட் போட்டு வந்த ஆளின் களுசானில் அந்த இடம் மட்டும் நனைந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சைக்கிள் ஓடும்போது மடியில் குளம் கட்டுகிற தண்ணீரெல்லாம் வடிந்து வருவதும் அந்த நாற்சந்திக்குத்தான்.

துளி விழுந்தது என் ராசியில். "எதிர்பாராத இடத்திலிருந்து வரவு" என்று போட்டிருக்கிறது. வந்துவிட்டது.

பிளாஸ்டிக் காற்சட்டை? ஒரு சொட்டும் இல்லை! அதில் ஊசித் தையல் கிடையாது, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உருக்கியே ஒட்டியிருக்கிறார்கள். அது அப்படியே தொங்கட்டும், கடைசியில் வருவோம்.

அடுத்து, "நிற்கும்போது நனையவில்லை, ஓடும்போதுதான் நனைகிறது" என்ற முறைப்பாடு. பெரிய மழைத்துளி விழுகிற வேகம் விநாடிக்கு 9 மீற்றர், அதாவது மணிக்கு 32 கிலோமீற்றர். நீங்கள் 50 இல் போனால் இரண்டு வேகமும் செங்கோணத்தில் சேர்ந்து துளி ஏறத்தாழ 59 இல் நெஞ்சில் மோதும். மோதலின் வலு, நிற்கும்போது இருப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். பண்ணைப் பாலத்துப் பாதையால் தீவுப்பக்கம் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல், மறைவுக்கு ஒரு மரம் இல்லை. திரும்பி வரும்போது வாடைக்காற்று மழையைக் கைப்பிடியாக அள்ளி முகத்தில் எறியும். அந்தத் தண்ணீர் போக வழி தேடுகிற இடங்கள் கழுத்து, ஸிப், கை விளிம்பு. ஸிப்புக்கு மேல் மூடுகிற மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு மடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. கையுறை போடுகிறவர்கள் கோட்டின் கையை அதற்கு மேலாக இழுத்துவிடுங்கள். உள்ளே செருகினால் கையுறை செம்பாகிவிடும்.

வியர்வை வெளியேறும் துணி என்று ஒன்று இருக்கிறதே, அதை வாங்கலாமா? 1969 இல் பொப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லோன் கோலை வெடுக்கென்று இழுத்ததில் பிறந்ததுதான் கோர்டெக்ஸ். ஒட்டாத சட்டியில் பூசுகிற அதே டெஃப்லோன். நுண்ணிய துளைகளால் நீராவி வெளியே போகும், துளி உள்ளே வராது. அருமையான சாமான், குளிர் நாட்டில். ஏனென்றால் ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈரப்பத வித்தியாசம். வெளியே 5 பாகை குளிர் என்றால் வித்தியாசம் பெரிது. எங்கள் கார்த்திகை மழையில் வெளியே 26 பாகை, காற்றே ஈரச்சாக்கு. தள்ளுகிற வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். கொக்குவிலில் இருந்து ஆஸ்பத்திரி வீதி வரைக்கும் போய்வர அவ்வளவு காசு கொட்டுவது வீண் என்பது என் எண்ணம். வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சிலருடைய "றெயின்கோட் ஒழுகுது" என்ற கதையும் உண்மையில் வியர்வைதான். நக்கிப் பாருங்கள், உப்புக் கரித்தால் மழை இல்லை.

கடையில் செய்ய வேண்டியது: கோட்டைப் புரட்டுங்கள், பட்டி இருக்கிறதா பாருங்கள், கவட்டு நாற்சந்தியை விரலால் தடவுங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் வேறொன்றைக் கேளுங்கள். "வோட்டர் ரெசிஸ்டன்ற்" என்று எழுதியிருந்தால் அது துமிக்கு மட்டும், அடைமழைக்கு "வோட்டர் புரூவ்" வேண்டும். பிறகு, உடுப்புக்கு மேலே போட்டுக் கடைக்குள்ளேயே குந்திப் பாருங்கள். சைக்கிளில் ஏறினால் காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறும், கோட்டின் முதுகும் ஏறும். வழமையான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். நான் வெட்கத்தில் குந்தவில்லை.

அக்காவின் விஷயம் தனி. அவர் ஆசிரியை, தீவுப் பள்ளிக்கூடம், சாறி, ஸ்கூட்டர். கடைகளில் இருக்கிற கோட்டெல்லாம் ஆண்களுக்கு வெட்டியது, தோள் தொளதொள, இடுப்பு இறுக்கம் என்பது அவரது தீராத கோபம், நியாயமான கோபமும்கூட. சாறிக்கு மேல் முழங்கால் வரை நீளக் கோட் போட்டால் மேல்பாதி தப்பும், கொய்யகம் நனையும். அவர் இப்போது செய்வது: சாறியை முழங்காலுக்கு உயர்த்தி, காலின் பக்கத்தில் மேல்வரை ஸிப் திறக்கிற பெரிய காற்சட்டையை அதற்கு மேலே போட்டுக்கொள்கிறார். பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றாமலே ஸிப்பை இழுத்தால் முடிந்தது. முந்தானையைக் கோட்டுக்குள்ளே நன்றாகச் செருகியது உறுதியென்று பார்க்காமல் ஸ்டார்ட் பண்ண மாட்டார். சில்லில் சுற்றினால் ஆளையே இழுத்து விழுத்திவிடும்.

அதே காரணத்துக்காகத்தான் போர்வை மாதிரிப் போடுகிற கோட்டை நான் வேண்டாம் என்கிறேன். பண்ணைப் பாலத்தில் அதைப் போட்டுக்கொண்டு போனால் வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.

நிறம்: கறுப்பைத் தவிர எதுவும். பளிச்சென்ற மஞ்சள் பகலில்தான் வேலை செய்யும், இரவுக்கு லைற் பட்டால் மின்னுகிற பட்டி வேண்டும். இரண்டும் இருந்தால் பின்னால் வருகிற பஸ்காரர் காண்பார்.

கால்: சொப்பிங் பாக் கட்டுகிறவர்களைக் கேலி பண்ண மாட்டேன், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் வெள்ளத்தில் காலை ஊன்ற வேண்டிவந்தால் ரப்பர் பூட்ஸ்தான் நல்லது. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது ஞாபகம் இருக்கும். காலில் காயத்தோடு வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் புரட்டி, நிழலில், காற்றுப்படக் காயப் போடுங்கள். அயன் பண்ண வேண்டாம்.

சரி, பிளாஸ்டிக் காற்சட்டைக்கு வருவோம். முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. கீழே பேப்பர் காய்ந்தபடியே இருக்கிறது. நாலில் ஒரு பங்கு விலை, ஒரு சொட்டும் இல்லை! "அப்ப ஏன் இவ்வளவு நேரம் அலட்டினாய்" என்று மாரித்தவளை மாதிரிக் கத்தப் போகிறீர்கள். பொறுங்கள். தண்ணியைக் கொட்டிவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிக் காட்டுகிறேன். என் அளவிலேயே வாங்கினது. கமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு தம்பி. வலது காலைத் தூக்கி...

(பர்ர்ர்ர்)

கேட்டதா? நாற்சந்தியில் இருந்து முழங்கால் வரைக்கும். உருக்கி ஒட்டிய பொருத்து ஒழுகாது, காலை அகட்டினால் கிழியும்.

அம்மா, சிரிக்காமல் அந்தத் துவாயைத் தாங்கோ.