ஏ மேத்ஸ் எடுக்காமல் பொறியியலுக்குப் போகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். "உயர்நிலைப் பள்ளியில் என் பையனுக்குக் கணக்கு சரியாக வரவில்லை, ஏ மேத்ஸே எடுக்கவில்லை, எப்படியோ பாலிடெக்னிக் முடித்துவிட்டான், இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கவேண்டும் என்கிறான், தாக்குப்பிடிப்பானா?" சிங்கப்பூரில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான். ஏ மேத்ஸ் என்பது உயர்நிலைப் பள்ளியில் தனியாக எடுக்கும் கூடுதல் கணிதம். தாக்குப்பிடிப்பான். ஆனால் எங்கே ஓட்டை என்று தெரிந்து அங்கே அடைக்கவேண்டும், நிறையப் பேர் வேறு எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் அடிப்படைக் கணிதமான ஈ மேத்ஸில் கால்குலஸ், அதாவது நுண்கணிதம், கிடையாது. ஏ மேத்ஸ் எடுத்தவர் கால்குலஸின் இரண்டு பகுதிகளான டிஃபரன்ஷியேஷன், இன்டகிரேஷன் இரண்டையும் உயர்நிலை நான்கிலேயே தொட்டுவிடுகிறார். தொடக்கக் கல்லூரிக்குப் போய் அங்கே எச்2 என்ற உயர்நிலைக் கணிதம் எடுத்தவர் அதற்கு மேல் வெக்டர், கலப்பெண், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். பாலிடெக்னிக்கிலும் கணிதம் உண்டு, ஆனால் அங்கே பட்டறையும் ஆய்வுக்கூடமும் புராஜெக்டும் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. பையன்களுக்கு அப்புறம் இரண்டு வருடம் தேசிய சேவை. சேவை முடித்து, ஆகஸ்ட்டில் விரிவுரை அரங்கில் போய் உட்காரும்போது தெரிந்த கணக்கில் பாதி மறந்திருக்கிறது.

இதைப் பார்த்து எல்லாரும் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்றால், கால்குலஸ்தான் பிரச்சினை என்று. உடனே ஒரு தடித்த கால்குலஸ் புத்தகம் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் துணைப்பாட ஆசிரியரைத் தேடுகிறார்கள். முதல் வருட மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கணக்குப் போடுவதை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் நிற்கும் இடம் அநேகமாகக் கால்குலஸ் இல்லை. இன்டகிரேஷன் விதியை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதற்கு முந்தின வரியிலும் அடுத்த வரியிலும் இருக்கும் அல்ஜீப்ராதான் காலை வாருகிறது.

ஒன்றைக் காட்டுகிறேன். 3 ஓம், 6 ஓம், இரண்டு ரெசிஸ்டர்களைப் பேரலலாக இணைத்தால் மொத்தம் எவ்வளவு? 1/3-ஐயும் 1/6-ஐயும் கூட்டவேண்டும், 1/2 வருகிறது, தலைகீழாக்கினால் 2 ஓம். அவ்வளவுதான். ஆனால் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பின்னத்தையும் தனித்தனியாகத் தலைகீழாக்கிக் கூட்டிவிடுகிறார்கள். அந்த வழியில் போனால் 3-ம் 6-ம் கூடி 9 ஓம். மின்சாரம் போக இன்னொரு பாதை கிடைத்த பிறகு தடை எப்படிக் கூடும்? பாலிடெக்னிக்கில் கையால் இணைத்து மீட்டர் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த 9 தப்பு என்று உடனே தெரியும், ஆனால் தன் அல்ஜீப்ராவில் எந்த வரி தப்பு என்று தெரியாது. (3+4)-ஐ வர்க்கம் செய்தால் 49, தனித்தனியாக வர்க்கம் செய்து கூட்டினால் 25. எண்ணில் யாரும் இதில் ஏமாறுவதில்லை, எழுத்தில் வாரா வாரம் பார்க்கிறேன்.

இன்னொன்று. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 5 வோல்ட்டில் சார்ஜ் செய்கிறோம். ரெசிஸ்டர், கெபாசிட்டர் இரண்டின் மதிப்பையும் பெருக்கினால், கெபாசிட்டர் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்று காட்டும் டைம் கான்ஸ்டன்ட் சரியாக 1 விநாடி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா படித்தவர் ஆசிலோஸ்கோப்பில் அந்த வளைகோடு ஏறுவதைக் கண்ணால் பார்த்திருப்பார், ஒரு விநாடியில் 63 சதவீதம், அதாவது சுமார் 3.16 வோல்ட், ஐந்து விநாடியில் கிட்டத்தட்ட முழுதும் என்று மனப்பாடமாகச் சொல்வார். ஏன் 63? நேச்சுரல் லாகரிதத்தின் அடி எண் e, சுமார் 2.718. 1-லிருந்து 1/2.718-ஐக் கழித்துப் பாருங்கள், 0.632 வரும். சரி, 4 வோல்ட்டைத் தொட எவ்வளவு நேரம்? இங்கேதான் பேனா நிற்கும். சமன்பாட்டைத் திருப்பி எழுதி, இருபுறமும் லாகரிதம் எடுக்கவேண்டும். 5 வோல்ட்டில் மிச்சம் 1 வோல்ட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, அதனால் விடை 5-இன் நேச்சுரல் லாக், சுமார் 1.61 விநாடி. இதில் கால்குலஸ் எங்கே இருக்கிறது? எல்லாம் உயர்நிலை மூன்று, நான்கின் ஏ மேத்ஸ்.

அதனால்தான் சொல்கிறேன், மேலே ஏறுவதற்கு முன் கீழே இறங்குங்கள். பின்னம், அடுக்கு, சூத்திரத்தை மாற்றி எழுதுவது, லாகரிதம், டிரிகோனோமெட்ரி, இந்த வரிசையில். புத்தகக் கடைகள் இருக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய், பழைய தேர்வு வினாத்தாள்களின் தொகுப்பான ஏ மேத்ஸ் டென் இயர் சீரீஸ் ஒன்று வாங்குங்கள். இருபத்திரண்டு வயதில் பதினாறு வயதுப் பிள்ளையின் புத்தகமா என்று சங்கடப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்தச் சங்கடத்தால்தான் இரண்டாம் வருடம் சிக்னல்ஸ், கன்ட்ரோல் என்று பாடங்கள் வரும்போது அவர்கள் திணறுகிறார்கள். வீடியோ பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நிறுத்திவிட்டு வெறும் தாளில் போடுங்கள்.

ஆலிவர் ஹெவிசைட் என்று ஒருவர், 1850-இல் லண்டனில் பிறந்தவர், பதினாறு வயதில் பள்ளியை விட்டார், பிறகு தந்தி வேலைக்குப் போனார். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1873-இல் மின்சாரமும் காந்தமும் பற்றி எழுதிய பெரிய நூலை எடுத்துப் பார்த்தார், புரியவில்லை. பள்ளியில் படித்த அல்ஜீப்ராவும் டிரிகோனோமெட்ரியும்கூடப் பெரும்பகுதி மறந்துபோயிருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். விடவில்லை, பல வருடம் உட்கார்ந்து படித்தார். இன்று நாம் மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகள் என்று படிக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் பாடத்தில் ஹெவிசைட் ஃபங்ஷன் என்று வருமே, அதே ஹெவிசைட்தான்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. வழக்கநிலை, அதாவது நார்மல் ஸ்ட்ரீம் என்ற பிரிவில் படித்த பிள்ளையைக் கணக்கு வராதவன் என்று வீட்டில் முத்திரை குத்திவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு தேர்வை வைத்துப் பிரித்தார்கள், அப்புறம் சில பாடங்கள் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவே இல்லை, அவ்வளவுதான். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகளே எடுக்கப்பட்டு, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று தனித்தனி நிலையில் படிக்கும் முறை வந்துவிட்டது. உங்கள் மூத்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

அப்புறம், டிப்ளோமா வைத்திருப்பவர்களுக்குச் சில பாடங்களில் விலக்குக் கிடைக்கும். முதல் வருடக் கணிதத்துக்கு விலக்குக் கிடைத்தால் நேரம் மிச்சம், கட்டணமும் மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அடுத்த பருவத்தின் பாடங்கள் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வந்தால் விலக்கு வாங்குங்கள், வராவிட்டால் வகுப்பில் உட்காருங்கள். பாடம் தொடங்கும் முன் இணைப்புக் கணித வகுப்பு நடந்தால் ஒன்றையும் தவறவிடாதீர்கள். செய்முறை சார்ந்த பட்டப்படிப்பு என்றால் கணிதம் இருக்காது என்று நம்பிச் சேருவதும் வேண்டாம், அங்கேயும் முதல் வருடத்தில் கணிதம் காத்திருக்கிறது.

வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், இருபது கணக்கு, எல்லாம் உயர்நிலைப் பள்ளிக் கணக்குதான், ஒன்றிலும் கால்குலஸ் இல்லை. கால்குலேட்டரை உள்ளே வைத்துவிட்டுப் போடுங்கள். எந்த வரியில் பேனா நின்றதோ அங்கே ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள், நூலகம் மூடும்வரை பின்னால் இருக்கும் மேசையில்தான் இருப்பேன்.