நெஞ்சில் நீர் கோத்தால் கேட்கவேண்டிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஒருவர் வந்தால், நம் ஊர் டாக்டருக்கு முதலில் தோன்றுவது காசநோய்தான். அதில் தப்பில்லை, இங்கே அது அவ்வளவு அதிகம். நீரை எடுத்துப் பார்க்கிறோம். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கின்றன, காசநோயில் கூடுகிற ஏடிஏ என்ற நொதியின் அளவும் கொஞ்சம் கூடுதல். சரி என்று டி.பி. மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறோம். நீர் வெளியேறியதாலேயே மூச்சு லேசாகிவிடும். மாத்திரை கேட்கிறது என்று நோயாளியும் நம்புவார், டாக்டரும் நம்புவார். சில வாரங்களில் நீர் மறுபடி சேரும். அப்போதாவது மீசோதீலியோமா என்ற பெயர் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் இது. சிலருக்கு வயிற்றின் உள்ளுறையிலும் வரும். முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசி. பீடி சிகரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த டி.பி. குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லியில் காசநோய் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ஸ்லெக்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நெஞ்சு உறை நோயோடு வந்தவர்களில், மேற்கே ஆஸ்பெஸ்டாஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த சிலருக்கு மட்டும் டி.பி. மருந்து கேட்கவே இல்லை. அவரும் வாக்னர், மார்ச்சண்ட் என்ற இருவரும் சேர்ந்து 1960-ல் மீசோதீலியோமா வந்த 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோருக்குமே ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு இருந்தது. அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள். எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று விசாரித்ததால் வெளிவந்த உண்மை அது.

நாங்கள் இன்றும் சரியாகக் கேட்காத கேள்வியும் அதுதான். தூசி உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் நோய் தலைகாட்டும். அதனால் இப்போது என்ன வேலை என்று கேட்டுப் பயனில்லை. வாலிபத்தில் என்ன வேலை? ஷீட் கம்பெனியா, கப்பல் பட்டறையா, பாய்லர் குழாய்க்கு உறை சுற்றினீர்களா? பெண்ணாக இருந்தால், வீட்டுக்காரர் தூசியோடு கொண்டுவந்த உடுப்பை உதறித் துவைத்தீர்களா? ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்கு ஏது பதிவேடு? அவர் வாயைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் நீர் தெரியும், அவ்வளவுதான். சி.டி.யில் உறை முடிச்சு முடிச்சாகத் தடித்து, இதயப் பக்கமும் சேர்த்து நுரையீரலை வளைத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. இந்த நோயை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

நீரில் மிதக்கும் செல்களை வைத்தும் பல சமயம் முடிவு சொல்ல முடியாது. டி.பி.யில் வீங்கிய உறையின் செல்களும் நுண்ணோக்கியில் அலங்கோலமாகத்தான் இருக்கும். உறைக்கு அடியிலுள்ள கொழுப்புக்குள் செல்கள் ஊடுருவியிருந்தால் புற்றுநோய்; அதைத்தான் பார்க்க வேண்டும். மிதக்கும் செல்லில் அது எப்படித் தெரியும்? ஆகவே நீரில் புற்றுநோய் செல் இல்லை என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

சதை வேண்டும். விலாவில் சிறிய கீறல் போட்டு, குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, நீரை வடித்துவிட்டு, கண்ணால் பார்த்தபடி உறையில் பல இடங்களில் கிள்ளி எடுப்பார்கள். தோராகோஸ்கோபி என்று பெயர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதில் விடை கிடைத்துவிடும். மேலாக நுள்ளாமல் கொழுப்போடு ஆழமாக எடுத்தால்தான் நோய்க்குறியியல் மருத்துவருக்கு உதவும்.

அவர் வேலை ஒரு வழக்கு விசாரணை போல. ஒரே சாட்சியை நம்ப மாட்டார். எடுத்த சதையில் சில சாயங்களை ஏற்றிப் பார்ப்பார். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற சாயங்கள் ஏறினால் மீசோதீலியோமா பக்கம், டி.டி.எஃப்.1 ஏறினால் நுரையீரல் புற்றுநோய் பக்கம். இருபக்கமும் குறைந்தது இரண்டிரண்டு பார்ப்பார். பாப்1 என்ற புரதம் செல்லிலிருந்து காணாமல் போயிருந்தால், வெறும் வீக்கமில்லை என்பது உறுதியாகும். கடைசியில், செல்லின் வடிவத்தை வைத்து எந்த வகை என்றும் எழுதுவார். எபிதீலியாய்டு, சார்கோமட்டாய்டு, இரண்டும் கலந்தது என்று உண்டு. சிகிச்சையும் ஆயுளும் அதைப் பொறுத்தே மாறும்.

முடிவில் சந்தேகம் இருந்தால் மறுபடி கிள்ள வேண்டும் என்றில்லை. எடுத்த சதையை மெழுகில் பதித்து, பிளாக் என்று ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, இந்த நோயை அடிக்கடி பார்க்கிற பெரிய புற்றுநோய் மையத்தில் கொடுங்கள். கூடவே, பழைய வேலை விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.