கர்ப்பகால இடுப்பு வளைய வலி: பாயிலிருந்து பிரசவ அறை வரை

[காட்சி: பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் கர்ப்பிணி. மறுபக்கம் திரும்ப ஒரு காலை மட்டும் தூக்குகிறார். முகம் சுளிக்கிறது.]

இரவில் புரண்டு படுத்தால் தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. உடை மாற்ற ஒற்றைக் காலில் நின்றால் அடிவயிற்றுக்குக் கீழே எலும்பே பிளப்பதுபோல் இருக்கிறது. வீட்டில் சொன்னால், "பிள்ளை இறங்குதும்மா, பொறுத்துக்கோ" என்பார்கள். பொறுக்க வேண்டியதில்லை. இது இடுப்பு வளைய வலி. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அம்மாவை முடக்கிப் போட்டுவிடும்.

[காட்சி: இடுப்பெலும்பின் படம். மூன்று மூட்டுகளும் சிவப்பில்.]

இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முக்கோண எலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முன்மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. வெறும் தளர்ச்சியால் மட்டும் வலி வருவதில்லை. மூன்று மூட்டுகளும் சமமாக அசையாதபோது, ஒரு காலில் மட்டும் பாரம் விழுந்தால் வளையத்தின் ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயும் இழுபடுகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது.

அதனால் நாள் முழுக்க மனதில் வைக்க வேண்டியது ஒன்றே: இரண்டு காலும் சேர்ந்தே வேலை செய்யட்டும்.

புரள்வதைப் பார்ப்போம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. இரண்டு முழங்காலையும் மடக்கி ஒட்ட வையுங்கள். பின்புறத் தசையை இறுக்கிப் பிடியுங்கள். இப்போது தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கட்டையாகத் திரும்பட்டும். எழும்போதும் இதே வழி: ஒருக்களித்து, முழங்கால்களை ஒட்டியபடி, கையை ஊன்றி எழுங்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் பிரசவம் வரையாவது கட்டிலுக்கு மாறினால் பாதித் தொல்லை குறையும்.

பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் கைலியான தமேனை நின்றுகொண்டு காலை விட்டு உடுத்தாதீர்கள். தலை வழியாக மாட்டி இடுப்புக்கு இறக்குங்கள். உள்ளாடையைக் கட்டிலில் உட்கார்ந்துதான் போட வேண்டும். டாக்சியில் முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரு காலையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கித் திரும்பும்.

[காட்சி: ரங்கூன் நடுநகரில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி. செங்குத்தான படிகள்.]

ஐந்தாம் மாடி, ஆறாம் மாடி என்று குடியிருப்பவர்களுக்குப் படிதான் பெரிய எதிரி. ஏறும்போது வலி குறைந்த கால் முன்னே, இறங்கும்போது வலி கூடிய கால் முன்னே. ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்த பிறகே அடுத்த படி. வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரு நாளில் ஒரே தடவை இறங்குங்கள். பால்கனியிலிருந்து கிளிப் மாட்டித் தொங்கும் கயிறு நம் தெருக்களில் எல்லா வீட்டிலும் இருக்கிறதே, காய்கறியும் பாலும் அதில் ஏறட்டும். இழுக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

குந்தி உட்காருவது, சப்பணம் போடுவது, மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்குவது மூன்றையும் நிறுத்துங்கள். டீக்கடைக் குட்டி ஸ்டூலும் வேண்டாம். கக்கூஸ் குந்தும் வகையாக இருந்தால், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் வைக்கலாம்.

இடுப்புப் பட்டைக்கு ஒரு சோதனை உண்டு. மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்குங்கள். பிறகு வேறொருவர் உங்கள் இடுப்பின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மறுபடி தூக்குங்கள். இப்போது எளிதாக இருந்தால் பட்டை உங்களுக்கு உதவும். வயிற்றின் மேல் கட்டக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, தொடையெலும்பு வெளியே புடைக்கும் இடத்தைச் சுற்றி வரவேண்டும். மெல்லிய துணியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்தும் கட்டலாம். இரண்டு விரல் உள்ளே போகும் இறுக்கம் போதும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

உடற்பயிற்சியில் ஒன்று மட்டும் இங்கே. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து, மெல்ல 5 வினாடி அழுத்தி விடுங்கள். 5 முதல் 10 தடவை. வலித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். மற்றவற்றை பிசியோதெரபிஸ்ட் உங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வலிக்கு பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடலாம். 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. கடையில் கலந்து பொட்டலம் கட்டித் தரும் வலி மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அதில் இருந்தால் குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய இரத்தக்குழாயையும் பாதிக்கலாம். இடுப்பை மிதித்தும் அழுத்தியும் எடுக்கும் முரட்டு மசாஜும் வேண்டாம்.

[காட்சி: தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா. இரு முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக் காட்டப்படுகிறது.]

இந்த வீடியோவில் ஒரே ஒரு இடத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள். 36, 37 வாரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால்களை மெல்ல விரியுங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரு முழங்காலின் உட்பக்கத்துக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பரிசோதனைப் புத்தகத்தில் பர்மிய மொழியில் எழுதச் சொல்லுங்கள். 30 என்று வந்தால், பிரசவத்தில் முடிந்தவரை 30-ஐத் தாண்டி யாரும் விரிக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? முதுகில் ஊசி போட்டு மரத்துப் போனால் வலி எச்சரிக்காது. காலை எவ்வளவு விரித்தாலும் அப்போது தெரியாது. மறுநாள் நடக்க முடியாதபோதுதான் தெரியும். கூட வரும் அம்மாவோ கணவரோ அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்து, "சயாமா, இவளுக்குக் கால் இவ்வளவுதான் விரியும்" என்று உள்ளே போகும்போதே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

முக்கும்போது மல்லாந்து படுக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்து மேல் காலை ஒருவர் தாங்கிப் பிடிக்கலாம். கையும் முழங்காலும் ஊன்றிய நிலையும் நல்லது. உள்பரிசோதனையையும் ஒருக்களித்தபடியே செய்யச் சொல்லிக் கேட்கலாம். பாதத்தை நர்ஸின் இடுப்பில் ஊன்றி முக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆயுதம் போட்டு எடுக்கவோ தையல் போடவோ கால் தாங்கி தேவைப்பட்டால், இரு காலையும் இருவர் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும், அதேபோல் இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் உடனே. இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பெரும்பாலோர் சுகப்பிரசவமே ஆகிறார்கள்.

இரத்தப்போக்கு, 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, உட்காரும் இடம் மரத்துப் போவது, சிறுநீரை அடக்க முடியாமை: இவை வேறு நோயின் அடையாளங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரசவத்துக்குப் பின் பாட்டிமார் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். அந்தத் துணியையே பட்டைபோல் கீழே இறக்கி இடுப்பைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை பாட்டிக்கே இருக்கட்டும். நீங்கள் தரையில் உட்கார்ந்து எழ வேண்டாம். ஆறு வாரம் தாண்டியும் படியேற முடியவில்லை என்றால், குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே உங்கள் இடுப்பையும் காட்டிவிட்டு வாருங்கள்.