ரைன் கரையில் ஜப்பானியப் பலசரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியச் சமையலை ஜப்பானுக்கு வெளியே செய்ய விரும்புகிறவர் அதற்குரிய பொருள்களை எங்கே தேடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எல்லா நாடுகளுக்கும் பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும், நான் குடியிருக்கும் டுசெல்டோர்ஃப் நகரை வைத்துப் பேசினால் பயன்படும் என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் மேற்கில், ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்நகருக்கு 1950களிலேயே ஜப்பானிய வணிக நிறுவனங்கள் வரத் தொடங்கின. அருகிலுள்ள ரூர் வட்டாரத்தின் எஃகும் இயந்திரங்களும் அவர்களை வரவழைத்தன. அந்த நிறுவனங்களோடு வந்த குடும்பங்களுக்காகத் தோன்றிய மளிகைக் கடைகளும் உணவகங்களும் இன்று இம்மர்மான் தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நெருக்கமாக நிற்கின்றன.

இவ்வளவு கடைகள் உள்ள ஊரில் பொருள் கிடைப்பது எளிது; கைக்காசு கரைவது அதைவிட எளிது. ஆகவே ஒரு கணக்கோடு கடைக்குள் நுழைவது நல்லது. என் கணக்கு இதுதான்: ஜப்பானியக் கடையில் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு, 'தாஷி' எனப்படும் அடிச்சாற்றுக்கான பொருள்களுக்கும் மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவில் நல்லதற்கும் போகவேண்டும், ஏனையவற்றில் பலவற்றை வேறு கடைகளில், குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம்.

தாஷிக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, கொம்பு என்னும் காய்ந்த கடற்பாசி. மற்றொன்று, கத்சுவோபுஷி என்னும் புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் சீவல். 1908இல் கிகுனாயே இகேடா என்ற வேதியியல் அறிஞர் 'உமாமி' என்னும் சுவையைத் தரும் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்துக் காட்டியது கொம்பிலிருந்துதான்; 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா கத்சுவோபுஷியில் அதே சுவையைத் தரும் இனோசினேட்டைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்கு கூடுகிறது என்பதால்தான், ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கொம்பும் இருபது முப்பது கிராம் மீன்சீவலும் போட்டாலே சாறு நிறைவாக அமைகிறது. மீன் உண்ணாதவர்கள் சீவலுக்குப் பதிலாக உலர்ந்த ஷீதாக்கே காளானை ஊறவைத்துச் சேர்க்கலாம். ஜப்பானியப் பௌத்த மடங்களின் சமையலும் அந்த வழியில் நடப்பதுதான்.

கொம்பை ஜப்பானியக் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. கொரியர்களும் அதே இனப் பாசியைத் 'தாசிமா' என்ற பெயரில் அன்றாடம் பயன்படுத்துவதால், கொரியக் கடைகளில் அது பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கிறது. பாசியைவிட இங்கே தொல்லை தருவது தண்ணீர்தான். ஐரோப்பாவின் பல ஊர்களைப் போலவே எங்கள் குழாய்நீரிலும் சுண்ணாம்புச்சத்து மிகுதி. கடின நீரில் கொம்பின் சாரம் சரியாக இறங்குவதில்லை. இங்குள்ள ஜப்பானியர் பலர் தாஷிக்கென்றே வொல்விக் போன்ற மென்னீர்ப் புட்டிகளை வாங்கிவைப்பதற்குக் காரணம் இதுவே. கொம்பில் அயோடின் மிக அதிகம் என்பதால், தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே இதைச் சமையலில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கத்சுவோபுஷியின் கதை சற்றே சிக்கலானது. மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, விறகுப் புகையில் பலமுறை காட்டி உலர்த்தும்போது பென்சோபைரீன் என்னும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள் அதில் படிகிறது. புகையூட்டிய மீனில் அது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வரம்பை இறுக்கியது. 2015இல் கத்சுவோபுஷிக்கு மட்டும் அது 5 மைக்ரோகிராமாகத் தளர்த்தப்பட்டது. ஆலைக்கும் ஒன்றியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதால், ஜப்பானின் சிறு உற்பத்தியாளர்கள் பலருடைய சரக்கு இங்கே வருவதே இல்லை. இந்தத் தடையைத் தாண்டுவதற்காக, கத்சுவோபுஷிக்குப் பெயர்பெற்ற மகுராசாகி நகரின் உற்பத்தியாளர்கள் 2016இல் பிரான்சின் கொங்கார்னோ துறைமுகத்திலேயே ஓர் ஆலையைத் திறந்தார்கள். ஆகவே, ஐரோப்பாவில் செய்தது என்று பொதியில் கண்டால் அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இங்கே நம்மவருக்கு ஒரு வசதியும் உண்டு. ஈழத்தமிழர் கடைகளில் விற்கும் மாசிக்கருவாடும் பெரும்பாலும் இதே சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வதுதான். உயர்தரக் கத்சுவோபுஷியில் ஏற்றப்படும் பூஞ்சணம் மாசியில் இல்லை. அதனால் சாறு கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் உப்பாகவும் இருக்கும். தெளிந்த சூப்புக்கு அது ஒத்துவராது. மிசோ என்னும் நொதித்த சோயா விழுதைக் கரைத்த சூப்புக்கும், சோயா சாஸ் ஊற்றிச் சமைக்கும் கிழங்கு வகைகளுக்கும் தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம்.

அடுத்தது மிரின். உண்மையான மிரின், பசையரிசியும் கோஜிப் பூஞ்சணம் ஏற்றிய அரிசியும் ஷோச்சு மதுவும் சேர்ந்து முதிர்ந்து உண்டாவது; அதில் ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். அலமாரியில் முன்வரிசையில் மலிவாக நிற்பது பெரும்பாலும் 'மிரின் போன்ற சுவையூட்டி'. சர்க்கரைப் பாகும் புளிப்புச் சேர்மமும் கலந்த அதில் ஆல்கஹால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. புட்டியைத் திருப்பி இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல மிரின் கிடைக்காவிட்டால், குடிப்பதற்குரிய சாதாரண சாக்கே என்னும் அரிசி மதுவில் சிறிது சர்க்கரை கரைத்துக்கொள்வது போலி மிரினைவிட மேல். 'சமையல் சாக்கே' என்று விற்பதில் மதுவரி விழாதிருக்க உப்பைச் சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றும் நாளில் சோயா சாஸைக் குறைக்கவேண்டும்.

சோயா சாஸுக்காகத் தனியே அலைய வேண்டியதில்லை. கிக்கோமான் நிறுவனம் 1997 முதல் நெதர்லாந்திலேயே அதை வடிப்பதால், சாதாரணப் பேரங்காடியிலும் நல்ல சாஸ் கிடைக்கிறது. வெளிர்நிற 'உசுகுச்சி' வகை வேண்டுமென்றால் மட்டும் ஜப்பானியக் கடைக்குப் போங்கள். நிறம் வெளுத்திருந்தாலும் அதில் உப்பு அதிகம். மிசோவில், பொதியினுள் நொதித்தல் தொடர்ந்து பை உப்பிவிடாதிருக்கச் சிறிது ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். தாஷி ஏற்கெனவே கலந்த மிசோவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சுவையைத்தானே நாம் வீட்டில் செய்கிறோம்.

அரிசியில் இத்தாலியில் விளையும் ஜப்பானிய இனக் குறுமணி வகைகள் நன்றாகவே இருக்கின்றன. அதுவும் விலையாகத் தோன்றினால், ஜெர்மன் கடைகளில் பால்சோற்றுக்கென்று விற்கும் உருண்டை அரிசியைக் கழுவி ஊறவைத்துக் கஞ்சி வடிக்காமல் ஆக்கிப் பாருங்கள். இங்கு வாழும் ஜப்பானிய மாணவர்கள் வெகுகாலமாகச் செய்துவருவது அது.

பொதியின் மேலுள்ள தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறார்கள். 27.05.04 என்று அச்சிட்டிருந்தால் அது 2027ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் நாள். ஜெர்மன் வழக்கப்படி படித்தால் பொருள் கெட்டுப் பல ஆண்டாகிவிட்டது என்றுதான் தோன்றும். இறக்குமதியாளர் ஒட்டியிருக்கும் ஜெர்மன் சீட்டில் சேர்பொருள்கள் எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். நெளிகோதுமையில் (பக்வீட்) செய்யும் சோபா நூடுல்ஸில் முதலில் கோதுமை மாவு வந்தால், நெளிகோதுமைக்குக் கொடுக்கும் விலையில் கோதுமையை வாங்குகிறீர்கள்.

ஜப்பான் போய்வரும் நண்பர்களிடம் சொல்லி அனுப்புவதும் வழக்கம். தாமே உண்பதற்கென்று ஒருவர் 20 கிலோ வரை மீன்பொருள் கொண்டுவர ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே கத்சுவோபுஷியைக் கேட்கலாம். இறைச்சிச் சாறு கலந்த ராமென், ஜப்பானியக் குழம்புக்குக் கரைக்கும், மாட்டுக் கொழுப்புச் சேர்ந்த மசாலாக் கட்டி ஆகியவற்றைக் கேட்காதீர்கள். விமான நிலையத்தில் அவை பறிமுதலாகும். உலர்த்தாத புதிய பழங்களில் பெரும்பாலானவற்றுக்கும் தாவரச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

பச்சை இலைகளில், துளசி இனத்து மணமுள்ள ஷிசோதான் மிகவும் விலை. பத்து இலை கொண்ட சிறு பொதிக்குக் கேட்கும் தொகையைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. உறைபனி நின்றபின் அதன் விதையைத் தொட்டியில் தூவி, மண்ணால் ஆழமாக மூடாமல் விடவேண்டும். முளைக்க அதற்கு வெளிச்சம் தேவை. நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் கோடை முழுவதும் தழைக்கும்.

வணக்கம்.