உணவைத் துப்பிய டெமசோனி: மலாவி தொட்டியின் மூன்றாவது மாதம்

வணக்கம் நண்பர்களே. என் மலாவி ஏரி மீன் தொட்டி எப்படி இருக்கிறது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தொட்டி நன்றாக இருக்கிறது. ஆனால் போன வாரம் ஒரு மீனை இழந்துவிட்டேன். இன்னொன்று பின்னால் தெரிகிற இந்தச் சின்னத் தொட்டியில் சிகிச்சையில் இருக்கிறது. இரண்டையும் பற்றிச் சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் பெரிய தொட்டியைப் பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். நீல உடம்பில் கறுப்புப் பட்டை போட்டிருப்பவை டெமசோனி. மஞ்சளாக இருப்பவை எல்லோ லேப். இரண்டும் ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிக்லிட் வகை. அங்குள்ளவர்கள் இந்தக் கூட்டத்தை 'ம்புனா' என்கிறார்கள். பாறை மீன் என்று பொருள். டெமசோனி தான்சானியா பக்கக் கரையில் பொம்போ பாறைகள் என்ற இடத்து மீன். 1994-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். வளர்ந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஆனால் தன் இனத்தையே விடாமல் துரத்தும். நாலைந்து மட்டும் விட்டால் பலசாலி ஒன்று மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும். அதனால் சென்னை கொளத்தூரில் 14 குட்டிகளை ஒரே நாளில் வாங்கினேன். கூட்டம் பெரிதாக இருந்தால் அடி ஒரே மீனின் மேல் விழாது.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 240 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 240 கிலோ என்றால் கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மேசை தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் வெல்டிங் செய்து வாங்கினேன்.

கற்கள் எல்லாம் கருங்கல். கட்டட வேலையில் மிஞ்சிய பெரிய துண்டுகளைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்தேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம். மணலைக் கொட்டிவிட்டு அதன் மேல் கல் வைக்கக் கூடாது. அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மாகோல் விரித்து, அதன் மேல் கல்லை நிறுத்தி, கடைசியில்தான் மணல். இந்த மீன்கள் நாள் முழுக்க மணலை வாயில் அள்ளி அள்ளிப் பறிக்கும். மணல் மேல் நிற்கிற கல் ஒரு நாள் சரியும். சரிந்தால் மீன் மேல் விழும், இல்லையென்றால் கண்ணாடி மேல் விழும்.

தண்ணீர் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது என்று அம்மா தினமும் புலம்புகிற அதே தண்ணீர். மலாவி ஏரி மீனுக்கு அது வரப்பிரசாதம். ஏரியின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறத்தாழ 7.7-லிருந்து 8.6 வரை, எங்கள் தண்ணீர் 8. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் அது மென்மையான தண்ணீர். ஒரு வலைப் பையில் கிளிஞ்சல் போட்டு ஃபில்டருக்குள் வைத்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக பி.எச். ஏறி நிலைக்கும்.

மீன் விடுவதற்கு முன் ஐந்து வாரம் தொட்டியைச் சும்மா ஓட்டினேன். தெரிந்த ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி வந்து என் ஃபில்டரில் வைத்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. மலாவி தொட்டியில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம். ஏனென்றால் பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால், இருக்கிற அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவத்தில் இருக்காது. 8.3 என்றால் பத்து சதவீதத்தைத் தொடும். கோல்டுஃபிஷ் தொட்டியில் தப்பித்த அலட்சியம் இங்கே தப்பிக்காது.

சரி, நோய்க்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதம் ஸ்பைருலினா என்ற பாசியில் செய்த தீவன மணி மட்டும்தான் போட்டேன். அப்புறம், குட்டிகள் சீக்கிரம் வளரட்டும் என்ற ஆசையில் உறைய வைத்த பிளட் வார்ம் என்ற சிவப்புப் புழுவை வாங்கி வந்து ஒரு வாரம் தினமும் கொடுத்தேன். என்ன ஆர்வமாகச் சாப்பிட்டன தெரியுமா! நான் செய்த தவறு அதுதான். டெமசோனி பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கிற மீன். அதன் குடல் பாசியைச் செரிக்கத் தோதாக நீளமாக இருக்கும். எல்லோ லேப் அப்படி இல்லை. ஏரியில் அது பாறை இடுக்கில் சின்னப் பூச்சிகளைக் கொத்தித் தின்னும். ஆனால் ஸ்பைருலினா போட்டாலும் அது நன்றாகவே வாழும். டெமசோனியைப் புழுவில் வளர்க்கத்தான் முடியாது. இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் உணவு டெமசோனிக்கு ஏற்றபடிதான் இருக்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை. உணவு போட்டால் எல்லாம் முன்கண்ணாடிக்கு ஓடி வரும். ஒன்று மட்டும் வரவில்லை. பின்பக்கக் கல்லுக்கும் ஃபில்டர் குழாய்க்கும் நடுவில் நின்றது. பெண் மீன். நான் என்ன நினைத்தேன் என்றால், வாயில் முட்டை வைத்திருக்கிறது என்று. இந்த இனத்தில் தாய் முட்டையை வாயிலேயே வைத்து மூன்று வாரம் பட்டினி கிடந்து குஞ்சு பொரிக்கும். அதனால் சந்தோஷப்பட்டு இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வயிறு உருண்டு, மூச்சு வேகமாகி, தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்றது. அன்று இரவே போய்விட்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

வித்தியாசத்தை இப்போது காட்டுகிறேன், நன்றாகப் பாருங்கள். இதோ இந்த எல்லோ லேப் தாய் உண்மையாகவே முட்டை வைத்திருக்கிறாள். தாடைக்குக் கீழே தொண்டை பை மாதிரித் தொங்குகிறது. அவ்வப்போது எதையோ மெல்லுவது போல வாயை அசைக்கிறாள், முட்டைகளைப் புரட்டுவதற்காக. வயிறு ஒட்டியிருக்கிறது. உணவு போட்டால் சாப்பிடாவிட்டாலும் கண் அதன் பின்னாலேயே போகிறது. நோய் வந்த மீனுக்குத் தொண்டை தட்டையாக இருக்கும், வயிறுதான் வீங்கும், உணவைப் பார்த்தாலும் அசையாது.

அதற்கும் முந்தைய அறிகுறி ஒன்று உண்டு. இரண்டாவது மீனை அதை வைத்துத்தான் பிடித்தேன். அது உணவுக்கு வந்தது. மணியை வாயில் வாங்கியது. ஒரு நொடி வைத்திருந்து துப்பியது. மறுபடி வாங்கியது, மறுபடி துப்பியது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் வெள்ளை நூல் மாதிரிக் கழிவு, ஒரு அங்குல நீளத்துக்கு, அறுந்து விழாமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. இதைத்தான் மலாவி ப்ளோட், அதாவது வயிற்று வீக்க நோய், என்பார்கள். ஒத்துவராத உணவு, துரத்தலால் வரும் மன அழுத்தம், கெட்ட தண்ணீர் இவற்றால் மீன் தளரும்போது, குடலில் இருக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிகள் பெருகிவிடுகின்றன என்கிறார்கள். வயிறு வீங்கிய பிறகு பிழைக்கிற மீன் குறைவு. துப்புகிற கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

மருந்தைத் தொடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது, புழுத் தீவனத்தின் மிச்சம். பெரிய தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் யாருக்கும் உணவு போடவில்லை. நோய் வந்ததை இந்த 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். உள்ளே ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய். மணல் இல்லை. கழிவின் நிறம் தெரிய வேண்டும் அல்லவா?

மருந்து மெட்ரோனிடசோல், அந்த மாதிரி ஒட்டுண்ணிகளைக் கொல்வது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கினேன். 40 லிட்டருக்கு 400 மில்லிகிராம், பொடித்துக் கரைத்து ஊற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் கால்வாசித் தண்ணீரை மாற்றிய பிறகு. ஃபில்டரில் கார்பன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். குறிப்பாக, நோய் இல்லாத தொட்டியில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடவே போடாதீர்கள்.

வெள்ளைப் புள்ளி நோயையும் கேட்டிருந்தீர்கள். அது வேறொரு ஒட்டுண்ணியால் வருவது. உடம்பில் ரவை தூவியது போல இருக்கும். மீனின் மேல் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தித் திரியும் பருவத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இன்று மூன்றாவது டோஸ் முடிந்து அடுத்த நாள். சின்னத் தொட்டிக்கு வருகிறேன், கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். இதோ, குழாயின் வாயில் முகம் தெரிகிறது பாருங்கள். நேற்று வரை உள்ளேயே இருந்தாள். பட்டைகளின் கறுப்பு திரும்பியிருக்கிறது. வெள்ளை நூல் இல்லை. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த ஸ்பைருலினா மணி ஒன்றே ஒன்று போடுகிறேன்.

வருகிறாள். வாங்கிவிட்டாள். கொஞ்சம் பொறுங்கள்.

துப்பவில்லை.

இன்னொன்று போட ஆசையாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இது போதும். நாளைக் காலையில் கழிவின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.