ஒரே காவடி, மூன்று இடத்தில்! பனோரமா தைக்கும்போது நடக்கும் கூத்து

(திரையில் அகலமான படம், மூன்று சிவப்பு வட்டங்கள்)

வணக்கம். இளஞ்சிவப்பு வேட்டியில் காவடி தூக்கி நிற்கும் மூவரையும் பாருங்கள். அண்ணன் தம்பிகள் என்றே என் சித்தி நினைத்துவிட்டார். மூன்றும் ஒரே ஆள்!

தைப்பூசத்தன்று மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில், கைலாசன் கோயில் வாசலில், சுற்றியும் மேலும் கீழுமாக 26 படங்கள் எடுத்தேன். அவற்றை ஒட்டி ஒரே அகலப் படமாக்குவதுதான் பனோரமா தைப்பது. கேமரா இடமிருந்து வலமாகத் திரும்பியது. அவரும் அதே பக்கம் நடந்தார். ஆள் எது, மரம் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அடுத்தடுத்த படங்களில் ஒத்துப்போகும் புள்ளிகளைத் தேடிப் பொருத்தும், அவ்வளவுதான். ஹூகின் என்ற இலவச மென்பொருளில், வேண்டாத இரண்டு உருவங்களைச் சுற்றிக் கோடு போட்டு 'இதை எடுக்காதே' என்று சொல்லிவிடலாம். படங்கள் தாராளமாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தால், பக்கத்துப் படம் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

வரலாறா? 1998இல் ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் பனோரமா டூல்ஸ் என்ற படம் ஒட்டும் நிரல்களை எழுதினார். ஹூகின் அதன்மேல் எழுந்தது. போதும்.

இனி எனக்குப் பிடித்த இடம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. விரல் தாவுகிறது, பின்னால் சுவர் அப்படியே இருக்கிறது. நம் லெ பூஸ் மலைக்கும் பிரெஞ்சில் கட்டைவிரல் என்றுதான் பொருள். 812 மீட்டர், 1836இல் டார்வின் ஏறிய மலை. ஊருக்குள் நின்று எத்தனை முறை கண்ணை மாற்றினாலும் அந்த விரல் தாவாது! அவ்வளவு தொலைவு.

ஆகவே மலையுச்சியில் கையில் பிடித்து எடுத்தாலும் படம் அழகாக ஒட்டும். கோயில் வாசலில், இரண்டடி தூரத்தில் கம்பி வேலி இருந்தால்? இதோ, பெரிதாக்கிக் காட்டுகிறேன். கம்பி பாதியில் முறிந்து, சற்றுத் தள்ளி மறுபடி முளைக்கிறது. பலர் மென்பொருளைத் திட்டுவார்கள். பாவம் அது! நான் உடம்போடு திரும்பினேன், கண்ணை மாற்றியதுபோல லென்ஸ் இடம் மாறிவிட்டது. லென்ஸ் நின்ற இடத்தில் நிற்க, கேமரா அதைச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றவிடும் முக்காலி வாங்கச் சோம்பல்பட்டது நான்தான்.

கடைசியாக உருமாற்றம். நம்மைச் சுற்றித் தெரியும் முழுக்கோளக் காட்சியைத் தட்டையாக விரித்தால் அகலம் உயரத்தைப்போல இரு மடங்கு. தலைக்கு நேர்மேலே உள்ள ஒற்றைப் புள்ளி மேல் விளிம்பு முழுவதும் இழுபடுகிறது. அதையே, காலடியை நடுவில் வைத்து வட்டமாக விரிக்கும் ஸ்டீரியோகிராஃபிக் வடிவத்துக்கு மாற்றினால், வாசல் ஓர் உருண்டை. கோபுரம் அதன்மேல் பலாமுள் போல நிற்கிறது!

முறிந்த கம்பி இந்த உருண்டையிலும் இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள். சித்திக்கு இன்னும் அகப்படவில்லை.