உரம் கேட்கும் பைன், கேட்காத பைன்

எல்லோருக்கும் வணக்கம்.

நெல் வயலில் தழைச்சத்து குறைந்தால் வரப்பில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். யூரியா போட்ட சில நாளில் பயிர் பச்சை கட்டும். போட்ட காசு தேறியதா என்பதும் அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். பைன் தோட்டத்தில் அந்த வசதி கிடையாது. இன்று போட்ட உரத்தின் முழுப் பலனைப் பார்க்க எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் மரம் ஏற்றுக்கொள்ளும், எந்த இடத்தில் வீணாகும் என்று கணிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் லாப்லாலி பைனை எடுத்துக்கொள்கிறேன். அங்கே நடுவயதுத் தோட்டத்துக்கு வழக்கமாகப் போடுவது ஹெக்டேருக்கு 225 கிலோ தழைச்சத்து. அதோடு மணிச்சத்து, தனிப் பாஸ்பரஸ் கணக்கில், 28 கிலோ. யூரியாவை மட்டும் எடுத்தால் நம்மூர் 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 11 மூட்டை. பதிலுக்கு ஹெக்டேருக்கு வருடம் மூன்றரை கன மீட்டர் அளவில் மரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இது சராசரி. ஆளைக் கவிழ்ப்பதே இந்தச் சராசரிதான். ஒரு தோட்டம் அதைவிட நிறையத் தரும், இன்னொன்று கையை விரித்துவிடும்.

முதலில் மண்ணைப் பார்த்தார்கள். 1960-களின் கடைசியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கூட்டு ஆய்வு, அந்தப் பகுதி மண்களை 'ஏ', 'பி', 'சி' என்று வகை பிரித்தது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. மண் துருவியால் குடைந்து, தண்ணீர் வடிகிறதா, களிமண் எத்தனை ஆழத்தில் தட்டுப்படுகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கடலோரத் தாழ்நிலத்தில், நீர் தேங்கும் களிமண்ணில் மணிச்சத்து அறவே போதாது. அங்கே நடும்போதே ஒருமுறை பாஸ்பேட் போட்டால் இருபது வருடத்துக்கு மேலும் அதன் பலன் நிற்கும். போடாத பாத்தியில் மரம் வளராமல் குச்சியாக நிற்கும். இங்கே கணிப்பு சுலபம்.

சிக்கல் தழைச்சத்தில். இளங்கன்றுக்குத் தேவை கொஞ்சம்தான். நிலத்தைத் தயார் செய்யும்போது மக்கும் குப்பையே அதற்குப் போதும். கிளைகள் ஒன்றோடொன்று கூடும் வயதில் தேவை ஏறுகிறது, அதே நேரத்தில் சத்தெல்லாம் மரத்திலும் சருகிலும் போய் அடைந்துகொள்கிறது. பசி அப்போதுதான் ஆரம்பம்.

அந்தப் பசியை எப்படி அளப்பது? ஊசியிலையைப் பரிசோதிக்கலாம். குளிர்காலத்தில், மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, கடைசிப் பருவத்தில் முதலில் விட்ட தளிரின் இலை வேண்டும். அவ்வளவு உயரத்தில் யார் ஏறுவது? பல இடங்களில் துப்பாக்கியால் கிளையைச் சுட்டு விழவைக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அதுதான் நடைமுறை! மூன்று மூன்று ஊசியாகக் கொத்தாக இருக்கும். உலர்த்திப் பொடித்துப் பார்த்தால், தழைச்சத்து 1.2 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இதைவிட நம்பிக்கையான அளவுகோல், மரம் எவ்வளவு இலை சுமக்கிறது என்பது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை? மூன்றரைக்குக் குறைவாக இருந்தால், இன்னும் இலை கட்ட இடமிருக்கிறது, உரம் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே இலை நிறைந்த தோட்டத்தில் 11 மூட்டையும் தண்டம். செயற்கைக்கோள் படத்திலேயே இதை மதிப்பிடுகிறார்கள். அதற்குக் குளிர்காலப் படம் நல்லது. கோடையில் கீழே வளரும் அகன்ற இலை மரங்களும் பச்சையாகத் தெரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

வட கரோலினாவின் மணற்பாங்கான பகுதியில் 1992-ல் ஒரு சோதனை தொடங்கியது. தண்ணீர் நிற்காத மணல். தண்ணீர்தான் குறை என்று யாரும் நினைப்பார்கள். சில பாத்திக்கு நீர், சிலவற்றுக்கு உரம், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. உரம் போட்ட இடத்தில் இலைப்பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நீர் மட்டும் பாய்ச்சிய இடத்தில் மாற்றம் சொற்பம்.

சரி, இதையெல்லாம் சூத்திரத்தில் போட்டால் போதுமா? மேற்கு ஆஸ்திரேலியாவில் 1930-களில் ரேடியாட்டா பைன் நுனி கருகி, இலை கொத்துக் கொத்தாகச் சுருங்கிக் கிடந்தது. அங்கே குறையாக இருந்தது துத்தநாகம். அதைக் கரைத்துத் தெளித்ததும் மரம் தெளிந்தது. பட்டியலில் இல்லாத சத்தை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

அதனால் தோட்டக்காரர்களிடம் ஒன்று கேட்பேன். ஹெலிகாப்டரில் உரம் தூவும்போது ஒரு பட்டை நிலத்தை மட்டும் உரமில்லாமல் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் தடித்த மரங்கள், நடுவில் மட்டும் ஏன் நோஞ்சான் என்று முதலாளி கோபிப்பார். கோபிக்கட்டும். எட்டு வருடம் கழித்து அந்தப் பட்டையில்தான் அளவு நாடாவைப் பிடிக்கப்போகிறோம்.